கழுத்தில் தெரியும் வெட்டு: குடியாத்தத்துப் பெண்ணின் ஒட்டுப்படம் பற்றி

கரிக்கோடு:
குடியாத்தத்தில் ஓவியம் படிக்கும் 21 வயதுப் பெண் ஒருவர் கணினியில் செய்த ஒட்டுப்படம் இது. படம் திறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் ஒரு ஆயா சம்மணமிட்டு, மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றுகிறார். உடல் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கழுத்துக்கு மேலே கெங்கையம்மன் சிரசு, மாலையும் மஞ்சளுமாக, முழு வண்ணத்தில். பின்னால் வேலூர்க் கோட்டை மதிலும் அகழியும். கீழே லாரித் தடம் பதிந்த பாலாற்று மணல். மற்ற இடமெல்லாம் ஒட்டே தெரியாமல் இழைத்திருக்கிறார். கழுத்தில் மட்டும் கத்தரியால் வெட்டிய வெள்ளை ஓரம் அப்படியே நிற்கிறது. மூன்று நாளாக அந்த ஓரம் என்னை விடவில்லை.

இருட்டறை:
நான் பழைய ஸ்டுடியோக்காரன். இறந்துபோன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் நிற்க வைத்துத் தரச் சொல்லி வருவார்கள். பிரிண்ட்டிலிருந்து தலையை பிளேடால் வெட்டி, ஓரத்தைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி, ஒட்டி, தூரிகையால் சாயம் தொட்டு, மறுபடி காமிராவில் காப்பி எடுப்போம். ஒரு தலைக்கு இரண்டு ராத்திரி போகும். வெட்டு தெரிந்தால் அந்த வீட்டுக்காரம்மா அங்கேயே அழுதுவிடுவார்.

இந்தப் பெண் வெட்டைத் தெரிய விட்டிருக்கிறார். வெளிச்சத்தையும் கவனிக்கவில்லை. சிரசின்மேல் டியூப்லைட் வலப்பக்கமிருந்து விழுகிறது. கைகளின்மேல் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம். ஃபோட்டோஷாப்பில் 1994இலேயே லேயர் வந்துவிட்டது, ஒவ்வொரு துண்டும் தனி அடுக்கில் நிற்கும். இப்போது பிடிக்காவிட்டால் ஒரே தட்டில் பழைய இடத்துக்குத் திரும்பலாம். எங்கள் பிளேடு ஒரு தடவைதான் வெட்டும். தப்பினால் தப்பியதுதான். அந்தப் பயம் இல்லாத வேலையைக் கைவேலைக்குச் சமமாக என்னால் வைக்க முடியாது.

கரிக்கோடு:
அண்ணே, நீங்கள் செய்தது பிரிந்தவரைச் சேர்க்கிற வேலை. அங்கே வெட்டு மறையத்தான் வேண்டும். இங்கே அப்படியில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் என்ன நடக்கிறது? தரணம்பேட்டை முத்யாலம்மன் கோயிலிலிருந்து சிரசு ஊர்வலமாக வந்து, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சி உடலில் பொருத்தப்படுகிறது. பரசுராமர் தாயின் தலையை வெட்டியதும், உயிர் மீட்கும்போது அது வேறொருத்தி உடலில் சேர்ந்ததும் ஊரறிந்த கதை. தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது என்று நடுத்தெருவில் வருடாவருடம் காட்டும் ஊர் அது. அந்த ஊர்ப் பெண் கழுத்தை இழைத்திருந்தால் கதையே காணாமல் போயிருக்கும். வெளிச்சமும் அப்படித்தான். இரண்டு பேர், இரண்டு வெளிச்சம்.

ஒட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் ஓவியத்தில் காகிதம் ஒட்டியதைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ரவிவர்மா அச்சகம் 1894இல் தொடங்கியது. அதில் அச்சான லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிச் சேலை உடுத்தியவர்கள் வீட்டுப் பெண்கள்.

கோபாலபுரத்தான்:
எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து சிரசுக்குத் தேங்கா ஒடைக்கிறோம். அந்த முகத்தைக் கொண்டுபோய் பீடித் தூள் பட்ட எடத்துல வெச்சா எனக்கு எப்படி இருக்கும்? கலைன்னா யாரையும் கேக்க வேணாமா? சண்டை போட வரல. பார்த்ததும் நெஞ்சு பதறிப்போச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பேர்ணாம்பட்டு மகள்:
அண்ணா, பீடித் தூள் பட்ட எடம்னு நீங்க சொல்றது எங்கம்மா மடி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. நாங்க சாமிக்கு ஒடைச்ச தேங்காயும் அந்தக் காசுதான். திருவிழா அன்னிக்கும் இலையை நனைச்சு வெச்சிட்டுத்தான் அம்மா கோயிலுக்குக் கெளம்புவாங்க. தகட்டை இலைமேல வெச்சு, கத்தரியால சுத்தி வெட்டுவாங்க பாருங்க, அந்தக் கழுத்து ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கத்தரி சத்தம்தான் கேட்டுது.

கோபாலபுரத்தான்:
அந்த வார்த்தை தப்பு தங்கச்சி, மன்னிச்சிடு. மடியைக் கொறைச்சுச் சொல்லல. ஆனா ஒண்ணு இருக்கு. சிரசு அந்த ஒடம்புல சேர்றது வருஷத்துல ஒரே நாள். அன்னிக்கே பிரிச்சு எடுத்துடுவோம். படத்துல என்னிக்கும் சேர்ந்தே நிக்குது. அது எனக்கு ஒப்பல.

கரிக்கோடு:
இது நான் யோசிக்காத கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு. கோட்டை எதற்கு? 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், எல்லாம் பெருமைதான். ஆனால் அது இந்த ஆயா பார்த்துக்கொண்டு பீடி சுற்றிய மதில் இல்லை. மணலும் பாலாற்று மணல். கெங்கையம்மன் இருப்பது கௌண்டன்ய ஆற்றங்கரையில். வேலூர் மாவட்டம் என்று தெரிய வேண்டுமே என்று சேர்த்ததுபோல் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் ஆயாவுக்கு இடம் கிடைக்கும்.

ஆயா பேத்தி:
வணக்கம். படம் செய்தது நான்தான். கோட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எடுத்துவிடுகிறேன். அம்மன் முகம் திருவிழாவில் என் போனில் எடுத்தது. கோபாலபுரத்து அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கழுத்தை நான் வெட்டவில்லை. பீடித் தொழிலாளர் அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டார்களாம். ஆயாவிடம் இருந்தது இந்த ஒரே படம். இலை வெட்டும் கத்தரியாலேயே முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். அட்டை எங்கேயோ தொலைந்துவிட்டது. தலையில்லாத இந்தத் துண்டு எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. உள்ளங்கைகூட நிறையாத அளவு. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். வெள்ளை ஓரம் ஆயா வெட்டிய ஓரம். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. நான் பிறக்கும் முன்பே ஆயா போய்விட்டார். முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இருட்டறை:
அட்டைக்கென்று முகத்தை மட்டும் வெட்டி வாங்கிப்போனவர்கள் எங்களிடமும் நிறைய வந்திருக்கிறார்கள். மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளிச்சம் எனக்கு இன்னும் ஒப்பவில்லை, அம்மா. அது இருக்கட்டும். வீட்டுக்கு வந்து எடுத்த படமானாலும், பிரிண்ட் போட்டது ஏதோ ஒரு ஸ்டுடியோதான். நெகட்டிவ்வை நம்பர் போட்ட கவரில் வைப்போம். அதே நம்பரைச் சில இடங்களில் பிரிண்ட்டின் முதுகிலும் பென்சிலால் எழுதுவார்கள். அந்தத் துண்டைத் திருப்பிப் பார். லேசாக இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. நம்பர் தெரிந்தால் இங்கே போடு. பழைய ஆட்களிடம் நான் விசாரிக்கிறேன்.