இடிதாங்கி டிசைனுக்கு இன்சூரன்ஸ்: பெங்களூருவில் யாராவது எடுத்திருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். பீன்யாவில் சின்ன டீம் வச்சு, கட்டடங்களுக்கு இடிதாங்கி டிசைன் பண்ணி மாட்டியும் கொடுக்கிறோம். இப்போ ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் ஆர்டர். புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி (நம்ம டிசைன் தப்பால வர்ற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ்) காட்டினாதான் கையெழுத்துங்கிறாங்க.

ஆட்களுக்கு ஒர்க்மென் காம்பன்சேஷன் இருக்கு. மொட்டைமாடி விளிம்புல நின்னு காப்பர் பட்டைக்கு கிளாம்ப் அடிக்கிற பசங்களுக்கு அது இல்லாம முடியுமா? மேலேருந்து ஸ்பேனர் நழுவி யாரோட கார் மேலயாவது விழுந்தா பப்ளிக் லயபிலிட்டி. அதுவரைக்கும் புரியுது.

குழப்பமே டிசைன்லதான். ஐஎஸ்/ஐஇசி 62305ங்கிற இடி பாதுகாப்பு ஸ்டாண்டர்டு படி ரிஸ்க் கணக்கு போட்டு, பாதுகாப்பு லெவல் 3ன்னா (1தான் ரொம்ப கண்டிப்பானது) 45 மீட்டர் ஆரமுள்ள கற்பனை உருள்கோளத்தை கட்டடத்து மேல உருட்டிப் பார்த்து, அது தொடுற இடத்துக்கெல்லாம் பாதுகாப்பு வர்ற மாதிரி வரையறோம். லெவல் 1 போட்டாலும் நூறு சதவீதம் பாதுகாப்பு கிடையாது, ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்லுது. (கஸ்டமர்கிட்ட சொன்னா முகம் மாறிடும்!) நாலு வருஷம் கழிச்சு ஏப்ரல் மழையில இடி இறங்கி லிஃப்ட் போர்டு கருகினா, தப்பு டிசைன்லயா, எர்த் பிட்டை (மின்னலை மண்ணுக்குள்ள இறக்குற குழி) திறந்தே பார்க்காத அசோசியேஷன் மேலயா?

இந்த பாலிசி பெரும்பாலும் கிளெய்ம்ஸ்-மேட் வகை. வேலை செஞ்ச வருஷம் இல்ல, கிளெய்ம் வர்ற அன்னைக்கு பாலிசி உயிரோட இருக்கணும். அப்போ பழைய சைட்டுகளுக்கு ரெட்ரோஆக்டிவ் தேதி (எந்த நாளுக்கு அப்புறம் செஞ்ச வேலைக்கு கவர்ங்கிறது) எவ்வளவு பின்னாடி வாங்கினீங்க? ‘எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்’னு மட்டும் எழுதினா டிசைன் கவர் ஆகுமா? சர்ஜ் அரெஸ்டரையும் (வயர் வழியா திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தடுக்கிற கருவி) தனியா குறிப்பிடணுமா?

இந்த வேலை தெரிஞ்ச புரோக்கர் யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஏஜென்ட்டுகள் கார் பாலிசியையே நீட்டுறாங்க.