அசையாத லைனரைக் கழற்றிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். லைனர் என்றால் இன்ஜின் பிளாக்குக்குள் செருகியிருக்கும் குழாய், பிஸ்டன் அதற்குள்தான் ஓடும். வண்டி ஹெச்எம்டி 2511 டிராக்டர். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் டிராக்டரை வைத்து ஹரியானாவின் பிஞ்சோரில் செய்தது. 2016-ல் ஹெச்எம்டி டிராக்டர் பிரிவையே மூட முடிவாகிவிட்டது. இனி பிளாக்கில் விரிசல் விட்டால் பழைய இரும்புக் கடையில்தான் தேட வேண்டும். அதனால் பெரிய சுத்தியலோடு வந்த மெக்கானிக்கை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதில் வெட் லைனர். தண்ணீர் லைனரின் முதுகை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் ரேடியேட்டருக்கும் போர்வெல் உப்புத்தண்ணீர்தான், கூலன்ட் ஊற்றுகிறவர் அபூர்வம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் மேல்பக்கம் சுத்தமாகத் தெரியும். பிடித்துக்கொண்டிருப்பது கீழே, தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் உட்காரும் இடத்தில். துருவும் உப்புப் படிவும் சேர்ந்து அங்கே கல்லாகியிருக்கும். பிஸ்டன், கிராங்க் எல்லாம் இறக்கியபின், தண்ணீர் ஓட்டைகள் வழியாகக் கம்பி விட்டுக் கிளறினேன். பழுப்பாகச் செதில் செதிலாக வந்தது. அப்புறம் லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் ஜாக்கெட்டுக்குள் டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.

கழற்றியது புல்லரால்தான், அதாவது மேலே இழுத்தெடுக்கும் கருவியால். லேத்தில் ஒரு தட்டு கடைந்து வாங்கினேன். லைனரின் அடி விளிம்பில் உட்கார வேண்டும், ஆனால் பிளாக்கில் எங்கும் உரசக்கூடாது, அந்த அளவு. நடுவில் தடித்த திருகுக் கம்பி, மேலே பிளாக்கின் இரு பக்கமும் கட்டை வைத்து அதன்மேல் கனமான பட்டை. நட்டை முறுக்கி நன்றாக இறுகியதும், மேலும் முறுக்காமல் கம்பியின் தலையில் சுத்தியலால் ஒரு அடி. திரும்ப அரைச் சுற்று, ஒரு அடி. ஒரு கட்டத்தில் 'டக்' என்று சத்தம் கேட்டது. அதற்குமேல் கையாலேயே வந்துவிட்டது.

—

உங்களுடையது வெட், அதனால் இந்த வழி. என்னுடையது பழைய மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர், பெர்கின்ஸ் 3.152 என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின். சிலிண்டரின் உள்விட்டம் 91.44 மி.மீ. இதில் டிரை லைனர். தண்ணீர் தொடாது, பிளாக்கை ஒட்டி இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள். டீசல் ஊற்றியெல்லாம் பயனில்லை. லேத் பட்டறைக்காரர் லைனரின் உள்சுவரில் மேலிருந்து கீழாக நீளவாக்கில் வெல்டிங் கோடு இழுத்தார். ஒன்று போதவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொன்று. வெல்டிங் ஆறும்போது லைனர் சுருங்கும், பிளாக்கின் பிடி விடும். ஆறியதும் கீழிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினார், நழுவியது. ஒரே எச்சரிக்கை: சுவர் மெல்லிசு, கரண்ட் கூட வைத்தால் பிளாக்கையும் சேர்த்து ஒட்டிவிடும். எர்த் கிளிப் பிளாக்கிலேயே இருக்கட்டும். கை பழகாதவர் இதைத் தொடவே வேண்டாம், போரிங் மெஷினில் கடைந்து எடுத்துவிடலாம்.

—

இரண்டு பேரும் கழற்றியதோடு நிறுத்திவிட்டீர்கள். வெட் லைனரில் பாதி வேலை அதன் பிறகுதான். ஓ ரிங் உட்காரும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். குழி தட்டுப்பட்டால் புது ரிங் போட்டாலும் ஆயிலில் தண்ணீர் கலக்கும். படிவை எமரித் தாளால் தேய்த்து எடுங்கள், உளி போடாதீர்கள். ரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவி லைனரை இறக்கினால் முறுக்கிக்கொள்ளாது. இறக்கியதும் லைனரின் தலை பிளாக்கைவிட எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். மேனுவலில் உள்ள அளவு வர வேண்டும், குறைந்தால் ஹெட் கேஸ்கட் நிற்காது. பிஸ்டன் ஏற்றுமுன் ஜாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி விட்டு, அடியில் ஆயில் தொட்டி (சம்ப்) இருக்கும் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்த லைனரை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான். புது ரிங் என்பதால் இந்த முறை சுலபமாகவே வரும்.