கழுத்தைக் கட்டினால் கொட்டாவி விடும் நாய்: தூக்கமா, மனஇறுக்கமா?

மாடித்தோட்டம்:
எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது. நான்கு வயதுப் பேரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்கை ஒருமுறை நக்கிவிட்டுக் கொட்டாவி விடுகிறது. உறுமுவதில்லை. வீட்டார் அதன் பொறுமையை மெச்சிப் படம் எடுக்கிறார்கள். எனக்கோ அது விலகப் பார்க்கிறது என்றே தோன்றுகிறது.

கரிசல்காட்டான்:
அம்மா, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை இன நாய்களை வளர்க்கிறோம். கொட்டாவி என்றால் தூக்கம், நாக்கைத் தொங்கவிட்டால் வெயில். இந்தக் காணொளிக்காரர்கள் பல்லி விழுந்த பலன் எழுதுவதைப் போல நாயின் ஒவ்வோர் அசைவுக்கும் பலன் எழுதுகிறார்கள்.

வாலறிவோன்:
ஐயா, ஒற்றை அசைவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ருகோஸ், மனஇறுக்கத்தில் நாய் தன்னையும் எதிரில் இருப்பவரையும் அமைதிப்படுத்தக் காட்டும் அசைவுகளை 'அமைதிச் சைகைகள்' என்று தொகுத்தார்; அவற்றில் முகம் திருப்புதல், மூக்கை நக்குதல், கொட்டாவி மூன்றும் இருக்கின்றன. இங்கே அவை மூன்றும், குழந்தையின் கை கழுத்தில் விழும் அதே நொடியில், ஒருசேர வருகின்றன. தூக்கம் இவ்வளவு சரியாக நேரம் பார்த்தா வரும்? கை விலகியதும், உடல் நனையாதபோதும், குளித்தெழுந்ததைப் போல அது உதறிக்கொள்கிறதா, கடைக்கண்ணில் வெள்ளை தெரிகிறதா என்று கவனியுங்கள் அம்மா; அவையும் மனஇறுக்கத்தைக் காட்டக்கூடியவை.

கரிசல்காட்டான்:
நாயின் முகத்தைப் படிப்பதில் நாம் எவ்வளவு தவறுகிறோம் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்துச் சோதித்தபோது, நாம் 'குற்ற உணர்வு' என்று சொல்லும் அந்த முகம், தொடக் கூடாது என்று உரிமையாளர் சொன்ன தின்பண்டத்தைத் தொடாத நாய்களிடமும் வந்தது. உங்கள் 'மனஇறுக்கமும்' அதைப் போன்ற கற்பனையாக ஏன் இருக்கக் கூடாது?

வாலறிவோன்:
அதே ஆய்வுதான் என் பக்கத்துச் சாட்சி. அந்த முகம் தப்புச் செய்ததால் வரவில்லை, உரிமையாளர் அதட்டியதால் வந்தது. நாம் குற்றம் என்று படித்தது, எதிரில் நிற்பவரின் கோபத்துக்கு நாய் காட்டிய பணிவு. நாய் சொல்லத்தான் செய்கிறது. பிழை நம் வாசிப்பில். உறுமினால் அடிக்கும் வீடுகளில் நாய் உறுமுவதை விட்டுவிடும், ஆனால் அச்சம் அப்படியே இருக்கும். பிறகு கடி மட்டும் முன்னறிவிப்பின்றி வரும்.

கரிசல்காட்டான்:
கடைசியாகச் சொன்னதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சோற்றுத் தட்டருகே உறுமிய நாயை என் தந்தை அடித்து அடக்கினார்; பின்னொரு நாள் அது சத்தமே இல்லாமல் என் கையைக் கவ்வியது. அதற்காகக் கொட்டாவியையும் உறுமலையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

மாடித்தோட்டம்:
நேற்றுப் பேரனை இரண்டடி தள்ளிப் பாயில் உட்காரவைத்து, நாய் தானாக வரட்டும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை; உடலை ஒருமுறை உதறிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேரனுக்கு அழுகை. இனி அந்தக் கட்டிலடிக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கரிசல்காட்டான்:
நல்லது அம்மா. கட்டிலடிக்குப் போனதை நான் மறுக்கவில்லை; கொட்டாவியைத்தான் இன்னும் மறுக்கிறேன்.