ஐசிஎல் அளவு பார்க்க எது சரி: கையில் பிடிக்கும் யூபிஎம்மா, வில் ஸ்கேனா?

வில்ஸ்கேன்:
மைனஸ் 10, மைனஸ் 14 பவர் உள்ள கண்ணுக்கு ஐசிஎல் (சொந்த லென்ஸுக்கு முன்னால் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்) வைக்கும் முன் சல்கஸ் (ஐரிஸ் என்ற கருவிழித் திரைக்குப் பின்னால் அதன் கால் உட்காரும் பள்ளம்) அகலத்தை எந்தக் கருவியில் அளப்பது? என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன். வில்லாக நகர்ந்து படம் எடுக்கும் அல்ட்ராசவுண்டு கருவியான ஆர்க்ஸ்கேன் இன்சைட் 100 இருக்கும்போது, கையில் பிடித்து எடுக்கும் சாதா யூபிஎம்மை (உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டு) வைத்து அளவு முடிவு செய்யக் கூடாது.

லென்ஸ் வருவதே நாலு அளவில்தான்: 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. வால்ட், அதாவது ஐசிஎல்லுக்கும் சொந்த லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 250 முதல் 750 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் முன்பக்கக் கண்புரை பயம். 1000-ஐத் தாண்டினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவோடு அது சேரும் கோணம் குறுகும்.

கையில் பிடிக்கும் ப்ரோப் மையம் தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சல்கஸ் வட்டத்தின் விட்டம் 12 மி.மீ. என்று வையுங்கள். ஸ்கேன் தளம் மையத்திலிருந்து அரை மி.மீ. விலகினால் 11.96 வரும், பரவாயில்லை. 1 மி.மீ. விலகினால் 11.83. ஒன்றரை விலகினால் 11.62, கிட்டத்தட்ட ஒரு லென்ஸ் அளவே மாறிவிடும். இன்சைட்டில் நோயாளி உட்கார்ந்து முகத்தைச் சாய்த்து, செலைன் நிரப்பிய கண்குவளைக்குள் தெரியும் விளக்கையே பார்க்கிறார். ப்ரோப் கண்ணைத் தொடுவதில்லை, கார்னியா வளைவை ஒட்டி வில்லாக நகர்கிறது. ஒலிக்கற்றை பரப்புகளில் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுவதால் எதிரொலி சிதறிப் போகாமல் திரும்பி வருகிறது.

ஒலிமானி:
கணக்கு சரிதான் சார், மறுக்கவில்லை. ஆனால் மையம் தவறினால் அளவு எப்போதும் குறைவாகத்தான் வரும், கூடாது. அப்படியென்றால் பத்துப் படம் எடுத்து சராசரி போடுவதுதான் தப்பு. எந்தப் படம் மையத்தில் விழுந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அடையாளம் படத்திலேயே இருக்கிறது. கார்னியாவின் முன்கோடு, பின்கோடு, லென்ஸின் முன்கேப்ஸ்யூல் (முன் உறை), பின்கேப்ஸ்யூல் நாலும் ஒரே படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும், பாப்பா (ஐரிஸின் நடுத் துளை) அதன் முழு அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு கோடு மங்கினாலும் அந்தப் படத்தைத் தள்ளிவிடுங்கள்.

யூபிஎம்மைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் எடுக்கும் முறையில் கோட்டை விட்டவர்கள். மரப்பு மருந்தான ப்ரோபராகெயின் சொட்டு விட்ட பிறகு மறு கண் கூரையில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். ப்ரோப் முனையில் மாட்டும் பையில் நிரப்பும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினால் குமிழி வராது. ஒரு குமிழி இருந்தாலும் படத்தில் அடுக்கடுக்காகப் பொய்க்கோடுகள் விழும். கண்ணில் வைக்கும் குவளையை அழுத்தினால் கார்னியா உள்வாங்கி முன்னறை ஆழம் குறைந்து காட்டும். அறை வெளிச்சம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இருட்டில் ஐரிஸ் ஓரத்தில் திரண்டு சல்கஸ் வாயை மறைக்கும். பாப்பாவை விரிக்கும் மருந்து போட்ட கண்ணை அன்றைக்கு அளக்கவே வேண்டாம்.

ஓசிடி_தம்பி:
இவ்வளவு பாடு எதற்கு அண்ணா? ஒளியால் படம் எடுக்கும் ஓசிடி கருவி காசியா 2 இருந்தால் கண்ணில் தண்ணீர் படாமல், உட்கார்ந்தபடி, சில நொடியில் வேலை முடிந்தது. கோணத்தின் ஓரத்தில் தெரியும் ஸ்க்ளீரல் ஸ்பர் (வெண்படல முனை) இரண்டுக்கும் இடையில் உள்ள அகலத்தை வைத்து என்கே சூத்திரம் அளவு சொல்கிறது. மனிதக் கை நடுவில் வருவதே இல்லை.

வில்ஸ்கேன்:
தம்பி, காசியாவின் 1310 நானோமீட்டர் ஒளி ஐரிஸின் பின்பக்க நிறமியோடு நின்றுவிடும். ஐசிஎல்லின் கால் உட்காரும் இடத்தை அது பார்ப்பதே இல்லை, கோண அகலத்திலிருந்து ஊகிக்கிறது. பெரும்பாலான கண்ணில் ஊகம் பலிக்கும். ஐரிஸுக்குப் பின்னால் சிலியரி சிஸ்ட் (நீர்க்கட்டி) இருந்தால்? அதன் மேல் கால் ஏறினால் வால்ட் ஒரு பக்கம் தூக்கிவிடும். அதைக் காட்ட அல்ட்ராசவுண்டுதான் வேண்டும்.

வைட்-டு-வைட் (கார்னியாவின் கிடைமட்ட அகலம்) அளவை மட்டும் நம்புவது இன்னும் மோசம். கிட்டப்பார்வையில் கண் நீள்வது பெரும்பாலும் பின்பக்கம். 30 மி.மீ. நீளமான கண்ணிலும் கார்னியா சின்னதாக இருக்கலாம். நீளத்தைப் பார்த்து "பெரிய கண், பெரிய லென்ஸ்" என்று போனால் மாட்டிக்கொள்வோம்.

ஒலிமானி:
இதில் நாம் இருவரும் ஒரே பக்கம். ஆனால் விற்பனைத் தாளில் வரும் ஒரு எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 50 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 31 மைக்ரான், 35-இல் 44 மைக்ரான், அதனால் 50 நுணுக்கம் கூடியது என்பார்கள். அது ஆழ வாக்கில். சல்கஸ் அகலம் பக்கவாட்டில் அளப்பது. பக்கவாட்டு நுணுக்கத்தைத் தீர்மானிப்பது கற்றையின் தடிமன். குவிமையத்தை விட்டு விலக விலக அது தடிக்கும். 50-இன் ஊடுருவல் 4, 5 மி.மீ.தான். பழைய 50 ப்ரோபில் காட்சிப் பரப்பும் 5 மி.மீ. அளவில் இருந்ததால் ஒரே படத்தில் இரண்டு சல்கஸும் சிக்காது. 35 மெகாஹெர்ட்ஸில் சிக்கும். ஆகவே அதிர்வெண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே படத்தில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. ரெய்ன்ஸ்டைன் சூத்திரம் இன்சைட் அளவுகளுக்காகக் கட்டியது. அது சிலியரி உள்விட்டத்தை, அதாவது ஐரிஸுக்குப் பின்னால் உள்ள தசை வளையத்தின் உள்விட்டத்தை எடுத்துக்கொள்கிறது. டோஹர்ட்டி சூத்திரம் 35 மெகாஹெர்ட்ஸ் யூபிஎம்மிலிருந்து வந்தது. இந்தக் கருவியின் எண்ணை அந்தச் சூத்திரத்தில் போட்டால் இரண்டும் தனித்தனியே சரியாக இருந்தும் விடை தப்பும். வில் ஸ்கேன் உயர்ந்தது என்று சொல்வதில் பாதிப் பெருமை அதன் சூத்திரத்துக்குச் சேர வேண்டியது.

வில்ஸ்கேன்:
பாதி என்பது கூடுதல், கால் என்று வைத்துக்கொள்ளலாம். யார் எடுத்தாலும் ஒரே எண் வருகிறதா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் சொன்ன நாலு கோடு அடையாளத்தைப் பழகிய கை பிடிக்கும், புதிதாகச் சேர்ந்தவர் பிடிப்பாரா? படுத்து எடுப்பதும் உட்கார்ந்து எடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்ட்டைப் பிறகு சரிபார்ப்பது உட்கார்ந்த நிலையில்தானே.

ஓசிடி_தம்பி:
ஏசிடி (முன்னறை ஆழம்) விஷயத்தில் ஒரு சந்தேகம். யூபிஎம் தாளில் 3.2 என்று இருந்தது, ஓசிடியில் 2.7-க்கும் கீழே. எது பொய்?

ஒலிமானி:
ரெண்டுமே பொய் இல்லை. முன்னது கார்னியாவின் மேல்பரப்பிலிருந்து, பின்னது எண்டோதீலியத்திலிருந்து, அதாவது கார்னியாவின் உள்பரப்பிலிருந்து. கார்னியா 520 மைக்ரான் என்றால் 3.2-இல் மிஞ்சுவது 2.68. ஐசிஎல்லுக்கு எண்டோதீலியத்திலிருந்து 2.8 வேண்டும் என்ற வரம்பில் அந்தக் கண் தேறாது. கருவியில் போட்டிருக்கும் ஒலிவேகத்தையும் பாருங்கள். முன்னறை நீருக்கு 1532 மீ./வினாடி. 1550 போட்டிருந்தால் 3 மி.மீ. ஆழத்தில் 35 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அதனால் லென்ஸ் அளவு மாறாது, வரம்பு ஓரத்தில் நிற்கும் கண் மட்டும் தப்பித் தேறிவிடும்.

வில்ஸ்கேன்:
சரி, 12.6-க்கும் 13.2-க்கும் நடுவில் விழும் கண்ணுக்கு உங்கள் யூபிஎம் என்ன சொல்லும்?

ஒலிமானி:
சல்கஸ் தளத்துக்கு மேலே சொந்த லென்ஸின் முன்முனை எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். நன்றாக எழும்பி, ஏசிடியிலும் இடம் இருந்தால் 13.2. தட்டையாக இருந்தால் 12.6. செங்குத்து மெரிடியனையும் (மேல்-கீழ் அகலம்) அளந்து வைத்துக்கொள்வேன். பெரும்பாலான கண்ணில் அது கிடைமட்டத்தைவிட நீளம். 13.2 வைத்து வால்ட் அதிகமானால், டோரிக் (சிலிண்டர் பவர்) இல்லாத லென்ஸை வெளியே எடுக்காமல் செங்குத்தாகத் திருப்பினாலே கொஞ்சம் இறங்கும்.