சிலி, பொலிவியா: கடல் இல்லாமை ஒன்றே காரணமா?

கேள்வி:
சிலியும் பொலிவியாவும் ஆண்டிஸ் மலைத்தொடரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை நாடுகள். இரண்டும் ஸ்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்டவை. இரண்டும் மண்ணுக்கடியில் கிடைப்பதை விற்று வாழ்பவை. இருந்தும் சிலியின் தனிநபர் வருமானம் பொலிவியாவினுடையதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. 1879இல் சிலியுடன் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்ததே இதற்குக் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த ஒரு காரணம் போதுமா?

மறுமொழி 1:
போதாது, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது. 1904 ஒப்பந்தப்படி சிலியின் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு அனுப்பும் உரிமை பொலிவியாவுக்கு உண்டு. அதே ஒப்பந்தத்தின்படி சிலியின் அரிக்கா துறைமுகத்திலிருந்து பொலிவியாவின் லா பாஸ் நகருக்குச் சிலி அமைத்துக் கொடுத்த ரயில் பாதை 1913இல் திறக்கப்பட்டது. சிக்கல் அந்தப் பாதையின் ஏற்றத்தில் இருக்கிறது: கடலோரத்தில் ஏற்றிய சரக்கு 4,000 மீட்டருக்கும் மேலே ஏறி இறங்கித்தான் லா பாஸைச் சேரும். கரை கையில் இருந்திருந்தாலும் இந்தச் செலவு குறைந்திருக்காது. சிலியோ சுமார் 4,300 கி.மீ. நீளமுள்ள ஒடுங்கிய நாடு; அங்கே சுரங்கத்திலிருந்து துறைமுகம் தொலைவில்லை. உண்மையான இழப்பு கடலைவிட நிலம்தான் என்பேன்: சுக்கிகமாட்டா என்னும் மாபெரும் செப்புச் சுரங்கம் அன்று கைமாறிய பகுதியில்தான் இருக்கிறது.

மறுமொழி 2:
மின்கலங்களுக்குப் பயன்படும் லித்தியத்தையும் பாருங்கள். 10,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த உயூனி உப்புவெளி பொலிவியாவிடம் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் முந்தியது சிலியின் அட்டகாமா உப்புவெளிதான். உப்புவெளியின் அடியிலுள்ள உப்புநீரை ஆழமற்ற பாத்திகளில் மாதக்கணக்கில் வெயிலில் வற்றவைத்தே லித்தியத்தைப் பிரிக்கிறார்கள். அட்டகாமாவில் மழை அரிது. உயூனியிலோ மழைக்காலத்தில் உப்புவெளியே நீரில் மூழ்குகிறது. மக்னீசியமும் மிகுதி என்பதால் பிரிப்பது கடினம்.

மறுமொழி 3:
புவியியலோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். செம்பு விலை உயர்ந்திருந்த காலத்தில் சிலி உபரி வருவாயைத் தனி நிதியில் சேர்த்து, 2009 நெருக்கடியில் எடுத்துச் செலவிட்டது. பொலிவியா 2006இல் எரிவாயுவைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, அந்த வருவாயை முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு வழங்கியது. கடும் வறுமை வெகுவாகக் குறைந்தது. அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எரிவாயு உற்பத்தி சரிந்த பிறகும் டாலருக்கு 6.96 பொலிவியானோ (பொலிவியாவின் நாணயம்) என்ற மாற்று விகிதத்தையும் எரிபொருள் மானியத்தையும் விடாமல் பிடித்திருந்ததில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது.

சமூகத்தை ஒப்பிட்டால் தராசு வேறு பக்கம் சாய்கிறது. பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு ஸ்பானிய மொழியுடன் 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. சிலியின் அரசியலமைப்போ மாப்புச்சே போன்ற பழங்குடி மக்களை அங்கீகரிக்கவில்லை. தனிநபர் வருமானம் ஒரு சராசரி மட்டுமே. 2019இல் தலைநகர் சாந்தியாகோவின் மெட்ரோ கட்டணம் 30 பெசோ உயர்ந்தபோது சிலி முழுவதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிரச்சினை 30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள் என்பதே அவர்களின் முழக்கம்; சர்வாதிகாரம் முடிந்த பின்னும் தொடர்ந்த ஏற்றத்தாழ்வையே அது சொன்னது.

கேட்டவர்:
நன்றி. ஓர் ஐயம்: செம்பு விலை நீண்ட காலம் சரிந்தே கிடந்தால் அந்தச் சேமிப்பு நிதி எவ்வளவு காலம் தாங்கும்?

மறுமொழி 3:
நீண்ட சரிவுக்கு அது தாங்காது. அது ஏற்றஇறக்கத்தைச் சமன்செய்ய வந்த நிதி. செம்புக்கு மாற்றாக ஒரு தொழிலை அதனால் உருவாக்கித் தர முடியாது.