ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

மும்பை மாட்டுங்காவிலிருந்து: அப்பாவின் பென்ஷன் காகிதம், 4 பக்கம், சென்னைக்கு ஃபேக்ஸில்தான் வேண்டுமாம். ஜெராக்ஸ் கடை மெஷினில் இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. நாளைதான் கடைசி நாள், பதற்றமாக இருக்கிறது.

செம்பூரிலிருந்து: தாளை எப்படி வைப்பது என்று தட்டின் ஓரத்தில் சின்னப் படம் இருக்கும், அதைப் பாருங்கள், மாற்றி வைத்தால் அங்கே வெறும் வெள்ளைத்தாள்தான் போகும். அப்புறம் சென்னைக் குறியீடு 044 சேர்த்து எண்ணை அழுத்தி, கீச்சென்ற சத்தம் கேட்டதும் ஸ்டார்ட்.

தாராவியிலிருந்து: கடையில் ஃபைபர் போன் லைனா தம்பி? குரலைத் துண்டு துண்டாக அனுப்பும் அந்த மாதிரி லைனில் ஃபேக்ஸ் சத்தம் சிதையும். மெனுவில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறையுங்கள், மெதுவாகப் போனாலும் முழுசாகப் போகும். ஃபேக்ஸ் போனதா என்று காட்டும் ரிப்போர்ட்டை அச்செடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: ஃபைபர்தான் அண்ணா! 9,600-ல் நாலும் போய்விட்டது, ரிப்போர்ட்டில் ஓகே. ரொம்ப நன்றி.