வெளிநாட்டு ஏஐ சாட்பாட்களைத் தடுப்பதா, வழிக்குக் கொண்டுவருவதா?

பாளை தணிக்கையாளர்:
எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், பேட்டை வியாபாரி ஒருவரின் வங்கிக் கணக்கு விவரத்தைப் பான் எண்ணோடு அப்படியே டீப்சீக் என்ற சீன சாட்பாட் செயலியில் ஒட்டி, ஜிஎஸ்டி கணக்கோடு ஒத்துப்பார்க்கச் சொல்லியிருக்கிறான். தகவல்கள் சீனாவிலுள்ள சர்வர்களில் வைக்கப்படும் என்று அச்செயலியின் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. 2025 ஜனவரியில் நம் நிதியமைச்சகம், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அம்மாத இறுதியில் இத்தாலி டீப்சீக்கைத் தடுத்தது. அமைச்சகக் கோப்புக்கு உள்ள காப்பு பேட்டை வியாபாரியின் கணக்குக்கு வேண்டாமா? நாமும் தடுக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை நிரலாளர்:
அண்ணாச்சி, செயலி வேறு, அதற்குள் இயங்கும் ஏஐ மாதிரி (மாடல்) வேறு. டீப்சீக் ஆர்1 மாதிரியை எம்ஐடி என்ற திறந்த உரிமத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்; அதன் சிறிய வடிவம் ஒன்றை இணைய இணைப்பே இல்லாத கணினியில் நாங்கள் ஓட்டுகிறோம், ஒரு வரிகூட வெளியே போவதில்லை. நாட்டின் பெயரைப் பார்த்துத் தடை விதித்தால் அடிபடுவது எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள்தாம். இத்தாலி 2023 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடியையும் தடுத்தது. ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வந்துவிட்டதே.

பாளை தணிக்கையாளர்:
சும்மா வரவில்லையே தம்பி! பயனர் தன் உரையாடல்களைப் பயிற்சிக்குத் தர மறுக்கும் வசதியையும் வயதுச் சோதனையையும் சேர்த்த பிறகுதான் அனுமதித்தார்கள். தடுத்ததால்தான் பணிந்தார்கள்.

தென்காசிக்காரர்:
இருவரும் தகவலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை விலையைப் பற்றியது. காசு கொடுத்து வாங்க வேண்டிய சாட்பாட் திட்டங்களையே, ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினி ப்ரோ 18 மாதம் இலவசம், ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஓராண்டு இலவசம், 2025 நவம்பரிலிருந்து சாட்ஜிபிடி கோவும் ஓராண்டு இலவசம் என்று அறிவித்தார்கள். எங்கள் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவுக்கு ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருப்பதால், 2025 ஜூலையில் வெளியிட்ட ஸியா என்ற தன் ஏஐ மாதிரியை அவர்களிடமே கொண்டுபோக முடியும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் யாரிடம் காசு கேட்பார்? 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்கும் கீழே விற்கும் அடிமாட்டு விலையைத் தடுக்கிறதுதான். ஆனால் சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தும். மூன்று பேர் முண்டியடித்து இலவசமாகக் கொடுக்கும்போது யாரை ஆதிக்கக்காரர் என்று நிரூபிப்பது?

வண்ணார்பேட்டை நிரலாளர்:
விலை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தகவல் விஷயத்தில் மட்டும் அண்ணாச்சிக்கு ஒன்று: 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு குறிப்பிட்டுத் தடுக்கும் நாடுகளைத் தவிர மற்ற நாடுகளுக்குத் தரவு செல்வதை அனுமதிக்கிறது. அதன் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பாதுகாப்பில் கோட்டை விட்டவருக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வியாபாரியின் தகவலை எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பது உங்கள் அலுவலகம் என்பதால், முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

பாளை தணிக்கையாளர்:
வரட்டும், பையனுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டேன். ஆனால் 50 லட்சம் பயனர்களைத் தாண்டிய சமூக ஊடகங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன அல்லவா, அதை சாட்பாட்களுக்கும் வெளிப்படையாக விதியுங்கள். அப்படி ஓர் அலுவலரை வைக்க மறுக்கும் செயலிக்குத் தடை என்பதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?